உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்தில் குடோன் வந்தால்...

● இங்கிலாந்தில் ஊர் ஓரமாகப் பெரிய கிடங்கு கட்ட அனுமதி கேட்டால், ஒலி ஆய்வாளர் முதலில் கருவியை நிறுத்துவது மிக அருகிலுள்ள வீட்டின் பக்கத்தில். லாரி ஒன்றுகூட வராத இன்றைய நிலையில், நள்ளிரவில் அங்கே எவ்வளவு அமைதி இருக்கிறது என்று பதிவு செய்தாக வேண்டும். 1967-இல் முதன்முதலில் வெளியாகி, 2014-இல் விரிவாகத் திருத்தி எழுதப்பட்ட ‘பி.எஸ். 4142’ என்ற தர விதியே இதற்கு வழிகாட்டி. அளக்கும் நேரத்தில் 90 சதவீதம் ஒலி எந்த எண்ணுக்கு மேலேயே இருக்கிறதோ, அதுதான் ‘பின்னணி ஒலி’. எப்போதோ ஒரு நாய் குரைத்ததும், ஒரு பைக் கடந்துபோனதும் இந்த எண்ணை உயர்த்திவிடாது.

● அதன்பிறகு நடப்பது ஒரு கழித்தல் கணக்கு. கிடங்கால் வரப்போகும் ஒலியிலிருந்து பின்னணி ஒலியைக் கழிக்கிறார்கள். மிச்சம் 5 டெசிபல் அளவில் இருந்தால் பாதிப்பு உண்டு என்பதற்கான அறிகுறி. 10 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பாதிப்புக்கான அறிகுறி. சூழ்நிலையைப் பார்த்து இந்த முடிவு கூடலாம், குறையலாம். இதனால்தான் 40 டெசிபல் ஒலி எழுப்பும் ஒரே கிடங்கு, நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புக்குப் பொருட்டாகவே இருக்காது. இரவில் 30 டெசிபலில் அடங்கிக் கிடக்கும் கிராமத்தின் தூக்கத்தையோ கெடுத்துவிடும்.

● சராசரி என்பது சத்தத்தை ஒளித்துவைக்க நல்ல இடம். ஒரு லாரி ஒரே ஒரு நிமிடம் 60 டெசிபலில் இரைகிறது என்று வையுங்கள். அதை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 42-க்கு இறங்கிவிடும். கால் மணி நேரத்துக்குப் பரப்பினால் 48. பி.எஸ். 4142 பகலுக்கு ஒரு மணி நேரத்தையும், இரவு 11 முதல் காலை 7 வரை வெறும் 15 நிமிடத்தையும் அலகாக வைத்திருப்பதன் பயன் இதில் தெரியும். உங்கள் ஊரைப் பற்றிய ஆய்வறிக்கை இரவு முழுவதற்கும் ஒரே சராசரி எண்ணைத் தந்தால், அதை ஏற்காதீர்கள். கால் மணிக் கணக்கைக் கேளுங்கள்.

● எல்லாச் சத்தமும் காதுக்கு ஒன்றல்ல என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. ‘பீப் பீப்’ போலத் தனிச் சுருதி ஒலித்தால் 6 டெசிபல் வரை, இரும்புத் தகடு ‘டமார்’ என்று விழுவதுபோல் திடீர் ஒலி இருந்தால் 9 டெசிபல் வரை கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விட்டுவிட்டு வரும் இரைச்சலுக்கு 3.

● அந்த ‘பீப் பீப்’ ஜப்பானில் பிறந்தது. பின்னால் நகரும் லாரிக்கான எச்சரிக்கை ஒலியை 1963-இல் யமகுச்சி எலக்ட்ரிக் நிறுவனம் தயாரித்தது. உயிர் காக்கும் கருவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே சுருதியில் ஒலிப்பதால் அது வெகுதூரம் தனித்துக் கேட்கும். இப்போது ‘உஷ்ஷ்... உஷ்ஷ்...’ என்று பல அலைவரிசைகளைக் கலந்து ஒலிக்கும் அலாரம் வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் நிற்பவருக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது சட்டென்று புரியும். தூரத்து வீட்டில் மற்ற ஒலிகளோடு கரைந்துவிடும்.

● லாரிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் டெசிபல் இரண்டு மடங்காகாது. 3 மட்டுமே கூடும். 10 லாரி 20 ஆனாலும், 100 லாரி 200 ஆனாலும் அதே 3. ‘சாலை இரைச்சலில் பெரிய மாற்றமில்லை’ என்று அறிக்கைகள் எழுதுவதற்கு இதுவே ஆதாரம். எண் பொய் சொல்லவில்லை. ஆனால் சாலையோர வீட்டில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் கலையும் வாய்ப்பு இரண்டு மடங்காகிவிட்டதே! அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கையறைக்குச் சராசரியாக 30 டெசிபல் என்பதோடு நிற்காமல், தனித்தனியாக எழும் ஒலிகள் 45-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது.

● நின்றுகொண்டிருக்கும் லாரியும் இரையும். பால், மீன், ஐஸ்கிரீம் ஏற்றிய குளிர்பதன வண்டிகளின் குளிரூட்டும் டீசல் இயந்திரம், வண்டி நிற்கும்போதும் ஓடும். நிறுத்துமிடத்தில் மின் இணைப்புக் கொடுத்துவிட்டால் அந்த டீசல் இரைச்சல் தீர்ந்தது.

● மரம் வரிசையாக நட்டால் சத்தம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒற்றை வரிசை மரத்தால் கண்ணுக்கு இதம் உண்டு, காதுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. லாரியை வீட்டிலிருந்து பார்க்க முடியாதபடி மறைக்கும் கெட்டியான சுவர் சுமார் 5 டெசிபலைக் குறைக்கும்; இன்னும் உயர்த்தினால் இன்னும் குறையும். அடியில் இடைவெளி விட்டால் பணம் வீண். எல்லாவற்றையும்விட நல்ல சுவர் கிடங்கேதான்! சரக்கு ஏற்றி இறக்கும் வாயில்களை ஊருக்கு மறுபக்கம் திருப்பி வரைபடம் போட்டால், கட்டடமே ஒலியை மறித்துக்கொள்ளும். வரைபடம் தாளில் இருக்கும்போது இதற்குச் செலவு மிகக் குறைவு. கட்டி முடித்தபின் எந்தச் சுவரும் இதற்கு ஈடாகாது.

● கலிஃபோர்னியாவில் 2024-இல் நிறைவேறிய ஏ.பி. 98 சட்டம், பெரிய புதுக் கிடங்குகளின் லாரி வாயில்களைக் குடியிருப்புகளிலிருந்து 300 அடியாவது தள்ளி வைக்கச் சொல்கிறது. நிலத்தைப் புதிதாகத் தொழில் மண்டலமாக மாற்றிக் கட்டினால் 500 அடி. திறந்தவெளியில் 300-ஐ 500 ஆக்கினால் சுமார் 4 டெசிபல் குறையும்.

● நம் நாட்டில் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45. தொழில் பகுதியில் 75, 70. இவை எல்லா ஊருக்கும் பொதுவான எண்கள். முன்பு அங்கே எவ்வளவு அமைதி இருந்தது என்ற கேள்வி இந்த எண்களில் இல்லை. 30 டெசிபலில் உறங்கிய கிராமம் 45-க்குப் போனாலும் வரம்பு மீறப்படவில்லை என்றே ஆகும். இங்கிலாந்தின் கழித்தல் கணக்கில் அதே ஊர் 15 மிச்சம் காட்டி அபாய மணி அடித்திருக்கும். இந்தக் குறையைத் திருத்தியே ஆக வேண்டும். இப்போதைக்குக் கையில் இருப்பது: குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை, பொது அவசரம் தவிர, ஹாரன் அடிக்கத் தடை உண்டு. இந்த இரவுத் தடைகளை மீறினாலும், ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடினாலும் புகார் கொடுக்கலாம்.

● பாதி திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபலைத் தடுக்கும் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் கேட்கும் ஒலியைக் கணக்கிடுவது ஐரோப்பிய வழக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்பவருக்கு அந்தத் தடுப்பு கிடையாது. இங்கே ஆய்வு செய்பவர்கள் அந்தக் கழிவை எடுக்காமல், மாடியிலேயே கருவியை வைத்து அளக்க வேண்டும்.