விடுமுறையில் பெற்றோர் பேச வேண்டியது
ஜவ்வாது மலையில் பல குழந்தைகள் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோருடன் மனம்விட்டுப் பேச அவர்களுக்குக் கிடைப்பது விடுமுறை நாள்களே. அப்போது என்ன பேசலாம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாம் விளக்கலாம்.

"பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்றே பழகிய குழந்தை, பெரியவர் தவறாகத் தொட்டாலும் மறுக்கத் தயங்கும். பெரும்பாலும் தவறு செய்பவர் தெரிந்தவரே. எனவே, "யாரா இருந்தாலும் வேணாம்னு சொல்லு, எங்ககிட்ட வந்து சொல்லு, உன் மேல தப்பில்ல" என்று பெற்றோர் சொல்ல வேண்டும். குழந்தை சொல்லும்போது அதட்டாமல் கேட்க வேண்டும்.

நம்மிடம் சொன்னாலோ, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை, மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பெற்றோரின் கைப்பேசியில் பதிந்து கொடுப்போம்.