சலூன் காரா, சின்ன ஜீப்பா? மலைப்பாதை வியாபாரிக்கு ஒரு கணக்கு

வியாபாரம் கொஞ்சம் நிலைபெற்றதும் நம்மவர்கள் முதலில் நினைப்பது வீடு, அடுத்தது வாகனம். வீடு கட்டுவதென்றால் மேசன் பாஸிடம் கேட்கிறோம், மரக்காலையில் விலை விசாரிக்கிறோம், வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு மாதம் பேசுகிறோம். வாகனம் வாங்குவதென்றால் மட்டும், பக்கத்துக் கடைக்காரர் எதில் வந்து இறங்குகிறார் என்பதைப் பார்த்துவிட்டுத் தீர்மானித்துவிடுகிறோம். வெலிமடை, பண்டாரவளை, பதுளை கடைத்தெருக்களில் அண்மைக்காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான்: "நானா, நல்லதொரு சலூன் எடுப்பதா, இல்லாவிட்டால் சின்ன ஜீப் ஒன்று எடுப்பதா?"

முதலில் பெயரைச் சரிபார்த்துக்கொள்வோம். எஸ்.யூ.வி. என்று விற்கப்படும் சிறிய வாகனங்களை நாம் 'ஜீப்' என்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை ஜீப் அல்ல. ஹொண்டா வெசல், ஹொண்டா ஃபிட் காரின் அடித்தளத்தின் மீது உயரமாகக் கட்டப்பட்டது. நம் நாட்டில் ஓடுபவற்றில் அநேகமானவை இரண்டு சில்லுகளுக்கு மட்டுமே இழுவை உள்ளவை. ஆகவே, "ஜீப் எடுத்தால் எந்தத் தோட்டத்துப் பாதையிலும் ஏறலாம்" என்று நம்பி வாங்குபவர் முதல் மழையிலேயே ஏமாறுவார்.

இதை விளங்கிக்கொள்ள நல்ல உதாரணம் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் இரண்டு வாகனங்கள். 2015இல் வெளிவந்த '318-ஐ' சலூனிலும், அதே ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறை 'எக்ஸ்-1' வாகனத்தின் '18-ஐ' ரகத்திலும் இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின். 1,499 சீ.சீ., மூன்று சிலிண்டர், டர்போ, 136 குதிரைவலு. நமது உற்பத்தித் தீர்வை எஞ்சின் கொள்ளளவை வைத்தே கணக்கிடப்படுவதால், 1,500 சீ.சீ.க்குள் அடங்கும் இத்தகைய எஞ்சின்கள் இங்கே விரும்பப்பட்டதில் வியப்பில்லை. எஞ்சின் ஒன்றாக இருக்க, வேறுபடுவது என்ன? சலூனின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 140 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. எக்ஸ்-1 சுமார் 183 மில்லிமீற்றர். சலூனை இழுப்பது பின் சில்லு, எக்ஸ்-1இன் இந்த ரகத்தை இழுப்பது முன் சில்லு. சலூனின் டிக்கி 480 லீற்றர், எக்ஸ்-1இன் டிக்கி 505 லீற்றர். நீளத்தில் சலூன் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் கூட. காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் இவ்வளவுதான். பாதையில் இறங்கினால்தான் இந்த இலக்கங்கள் பேசத் தொடங்கும்.

ஜப்பான் வாகனங்களிலும் இதே கதைதான். டொயோட்டா பிரிமியோவின் தரை உயரம் சுமார் 160 மில்லிமீற்றர், வெசல் 185. இந்த 25 மில்லிமீற்றர் ஒரு விரலகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறியபின், கொங்கிரீட் பாதை முடிந்து கல் பாதை தொடங்கும் இடத்தில் எண்ணெய்ச் சட்டியைக் காப்பாற்றுவது அந்த விரலகலம்தான். தோட்டக் கடைகளுக்குச் சாமான் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கடன் வசூலிக்கப் போகிறவருக்கும், ஊவா பரணகம, பொரலந்தைப் பக்கம் கிழங்கு, மரக்கறித் தோட்டங்களுக்கு நேரில் போய் விலை பேசுகிறவருக்கும் இது பெரிய விடயம். கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கும் கடைக்கும் இடையில் தார்ப்பாதையில் மட்டும் ஓடுகிறவருக்கு இதனால் ஒரு சதமும் இலாபமில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை, நுவரெலியா மாவட்டங்களை என்ன செய்தது என்பதை யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மண்மேடு விழுந்த பாதையில் 140 மில்லிமீற்றரும் ஒன்றுதான், 185 மில்லிமீற்றரும் ஒன்றுதான். எதுவும் கடக்காது. ஆனால் மண்ணை அள்ளிய பின், ஒரு பக்கம் சரிந்து, மறு பக்கம் சல்லி போட்டு ஒப்பேற்றிய பாதையில் மாதக்கணக்கில் ஓடவேண்டி வருகிறதே, அங்கே உயரமான வாகனம் வைத்திருப்பவர் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்.

இனி வளைவுகளுக்கு வருவோம். சலூன்காரர் சந்தோஷப்படும் இடம் இது. வெலிமடையிலிருந்து கொழும்புக்கு ஹப்புத்தளை, பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பலாங்கொடை வரும்வரை வளைவுக்கு மேல் வளைவு. உயரமான வாகனம் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கமாகச் சரியும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பெலிஹுல்ஓயா வருவதற்குள் பொலித்தீன் பை தேடவேண்டியிருக்கும். தரையோடு ஒட்டி ஓடும் சலூனில் இந்த ஆட்டம் குறைவு. வேகமாகத் திரும்பும்போதும் பிடிமானம் கூட.

ஆனால் வீட்டில் முழங்கால் வலியுள்ள உம்மாவோ வாப்பாவோ இருந்தால் கணக்கு மாறும். தாழ்ந்த சலூன் ஆசனத்தில் 'விழுந்து' உட்கார்ந்து, பிறகு கையைப் பிடித்துத் தூக்கி எடுக்கவேண்டும். எக்ஸ்-1, வெசல் போன்றவற்றின் ஆசனம் இடுப்பு உயரத்துக்குக் கிட்ட இருப்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். மாதமொருமுறை பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் பெற்றோரைக் கூட்டிப்போகிறவர், எஞ்சினைத் திறந்து பார்க்குமுன் அவர்களை ஒருமுறை ஆசனத்தில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வாகனத் தரகர் இதைச் சொல்லித்தரமாட்டார்.

இறக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறங்கும்போது பிறேக்கை மட்டும் நம்புவது எந்த வாகனத்திலும் ஆபத்து. ஹைபிரிட் வாகனங்களில் இறக்கத்தின் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கி பற்றரியில் சேர்க்கும், அதனால் வாகனமும் மெதுவாகும். நீண்ட இறக்கத்தில் பற்றரி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பியபின் அந்த உதவி கிடைக்காது, எஞ்சினையும் பிறேக்கையும் கொண்டுதான் இறங்கவேண்டும். இதை அறியாதவர், "பிறேக்கில் ஏதோ கோளாறு" என்று கராஜுக்குப் போய் வீண் செலவு செய்கிறார்.

முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட் வாகனத்தை வாங்க நினைப்பவர்கள் அதன் கியர்பெட்டியைப் பற்றி அறிந்திருக்கவேண்டும். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்த மொடலில் இரட்டை கிளச் கொண்ட 7 கியர் பெட்டி இருந்தது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக 2014இலேயே ஹொண்டா நிறுவனம் ஜப்பானில் வாகனங்களைத் திருப்பி அழைத்துத் திருத்தியது. சமதரையில் பிரச்சினை குறைவு. சுமை ஏற்றிய லொறிக்குப் பின்னால் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் மலை ஏறும்போது கிளச் அரைபட்டுச் சூடேறுகிறது. நமது பாதையில் அது தினசரி நடக்கும் காரியம். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்த அமைப்பு இல்லை, பெரும்பாலும் மோட்டாரே சில்லைச் சுழற்றுகிறது. பெயர் ஒன்றுதான் என்பதற்காக இரண்டையும் ஒரே விலைப்பட்டியலில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

சரி, விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. ஓடிப் பழகிய காரெல்லாம் தங்கத்தைப் போல விலை ஏறியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. அப்போது விதிக்கப்பட்ட சொகுசு வரியின் எல்லை, பெற்றோல் வாகனத்துக்கு இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சம் ரூபா, பெற்றோல் ஹைபிரிட் வாகனத்துக்கு 55 இலட்சம், மின்சார வாகனத்துக்கு 60 இலட்சம். அதற்கு மேற்பட்ட தொகைக்கே சொகுசு வரி. புதிய ஐரோப்பிய வாகனம் எதுவானாலும், சலூனோ ஜீப்போ, இந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே நம்மில் பலர் பார்ப்பது 2020க்கு முன் வந்தவற்றைத்தான்.

இங்கே பிரிமியோ பிரியர்களுக்கு ஒரு தகவல். பிரிமியோ, எலியன் இரண்டினதும் உற்பத்தியை டொயோட்டா 2021 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இறக்குமதி மீளத் திறந்தபோது பாவித்த கார்களுக்கு விதிக்கப்பட்ட வயதெல்லை 3 வருடம். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: கடைசியாகச் செய்த பிரிமியோவுக்கே கதவு திறந்த அன்று வயது கடந்திருந்தது. நாட்டில் இருக்கும் பிரிமியோ இருக்கும் பிரிமியோதான், ஒன்றுகூட கூடாது. "அப்படியானால் விலை ஏறும்" என்று தரகர் சொல்வார். பாதி உண்மை. வரவு நின்ற பொருளுக்கு விலை தாங்கும். ஆனால் வாகனம் ஒவ்வொரு வருடமும் கிழடாகிறது, பக்கத்தில் யாரிஸ் குரொஸ், ரைஸ், புதிய வெசல் என்று சிறிய ஜீப்புகள் வந்து நிற்கின்றன. வாங்குபவரின் கண் அங்கே போகிறது. சலூன் விலை இன்னும் பத்து வருடம் இப்படியே நிற்கும் என்று எண்ணி முதலைக் கொட்டுவது வியாபாரமல்ல, சூதாட்டத்துக்குக் கிட்டவான காரியம்.

முதல் என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 2025 ஜூலையில் மத்திய வங்கி, தனியார் கார், ஜீப், வேன்களுக்குக் கொடுக்கக்கூடிய லீசிங் தொகையைப் பெறுமதியின் 60 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. இந்த வீதம் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவது, விண்ணப்பிக்கும் அன்று கேட்டறியவேண்டும். கணக்குக்காக ஒரு கோடி ரூபா வாகனம் என்று வைத்துக்கொள்வோம். 60 வீதமென்றால் கையிலிருந்து 40 இலட்சம் போகும். கிழங்கு, வெங்காயம் மொத்த வியாபாரத்தில் அந்த 40 இலட்சத்தை மாதம் ஒருமுறை சுழற்றி, நூற்றுக்கு 3 ரூபா மிஞ்சுகிறதென்றால், மாதம் ஒரு இலட்சத்து 20 ஆயிரம். மாதாந்தத் தவணைக்கு மேலதிகமாக இந்தத் தொகையையும் நீங்கள் அந்த வாகனத்துக்குச் செலுத்துகிறீர்கள். ரசீது வராததால் தெரிவதில்லை. விதைக்கிழங்கு வாங்கும் காலத்தில் கையில் காசில்லாமல் தவணைக்கடனுக்கு அலைகிற பெரிய கார்க்காரர்களை நமது ஊரிலேயே காணலாம்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இஜாரா முறை இருக்கிறது. 2011இல் ஆரம்பித்த அமானா வங்கி முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்குவது. வேறு சில வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் தனிப்பிரிவு வைத்திருக்கின்றன. பெயரைப் பார்த்துக் கையொப்பமிடாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குத்தகைக் காலத்தில் வாகனத்தின் உரிமையாளர் யார்? உங்கள் கவனக்குறைவின்றி வாகனம் முற்றாக அழிந்தால் வாடகை நிற்குமா, தொடருமா? தவணை பிந்தினால் அறவிடும் மேலதிகத் தொகை யாருக்குப் போகிறது, தர்மத்துக்கா, கம்பனியின் வருமானத்துக்கா? தெளிவான பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தை நம்பகமான ஆலிமிடம் காட்டிவிட்டுத் தீர்மானியுங்கள். சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு ஸகாத் இல்லை. ஆனால் வாகனம் வாங்கவென்று சேர்த்துவைத்த காசு, நிஸாப் அளவோடு ஒரு வருடம் கடந்தால் அதற்கு ஸகாத் உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் கடையின் பெயரில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் லொறி போன்ற வர்த்தக வாகனங்களுக்குத்தான் மூலதனக் கழிவு. பயணிகள் கார் சலூனாக இருந்தாலும் ஜீப்பாக இருந்தாலும் அதில் அடங்காது. கணக்காளரிடம் கேட்காமல் இதை நம்பி இறங்கவேண்டாம்.

எண்ணெய்க் கணக்கு, 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது எல்லோருக்கும் பாடமானது. காருக்கு வாரம் 20 லீற்றர். மலையில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் சலூனுக்கு கொழும்புக்குப் போக எண்ணெய் இருந்தது, திரும்பி வர இல்லை. ஹைபிரிட்காரர்கள் ஓரளவு சமாளித்தார்கள்.

பராமரிப்பில் ஜப்பான் வாகனத்துக்கும் ஐரோப்பிய வாகனத்துக்கும் உள்ள தூரம், சலூனுக்கும் ஜீப்புக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. பிரிமியோவுக்கு ஒரு சாமான் தேவையென்றால் பஞ்சிகாவத்தையில் பத்துக் கடையில் கிடைக்கும், மாலை பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். பி.எம்.டபிள்யூ. வாகனத்துக்கு அதற்கான கணினி வைத்திருக்கும் கராஜ் வேண்டும், அது வெலிமடையில் இல்லை. அந்நிறுவனத்தின் பல மொடல்களில் உபரிச் சில்லும் கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய விசேட டயர் போட்டிருப்பார்கள். ஹல்துமுல்லையில் இரவு 10 மணிக்கு அந்த டயர் கிழிந்தால் என்ன செய்வது என்பதை வாங்குமுன் யோசிக்கவேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வாரத்தில் இரண்டு நாளாவது தார்ப்பாதையை விட்டு இறங்குகிறவர், அல்லது வீட்டில் வயோதிபர்கள் உள்ளவர், சிறிய ஜப்பான் ஜீப் எடுக்கட்டும். புறக்கோட்டைக்கும் கடைக்குமாகவே ஓடுகிறவருக்குச் சலூன் போதும், கெய்சர் வீதிப் பக்கம் எதைக் கொண்டுபோனாலும் நிறுத்த இடமில்லை என்பது வேறு கதை. பழைய ஐரோப்பிய வாகனம், அதைத் தவிர வீட்டில் இன்னொரு வாகனம் உள்ளவருக்கு மட்டும்.

எதை எடுப்பதானாலும் கொழும்பிலே சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கவேண்டாம். ஐந்து பேரை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, பலாங்கொடையிலிருந்து பெரகலைக்கு ஏற்றுங்கள். நடுவில் ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, மீண்டும் கிளப்புங்கள். மேலே வந்ததும் எஞ்சினை நிறுத்தாமல் வெப்பமானியைப் பார்த்து, இறங்கி சில்லுப் பக்கம் பிறேக் கருகும் வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.