ரேஸ் சீட்: கழுத்தைக் காக்குமா, காசைக் கரைக்குமா?

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் சனிக்கிழமை மாலை நடந்து போனால் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் சாமான் கடை வாசலில் கார் சீட்டுகள் நிற்கும். சிவப்பு, கறுப்பு, நீலம். தோள் பக்கம் இரண்டு இறக்கை. தொடைப் பக்கம் இரண்டு மேடு. முதுகில் பெல்ட் நுழைய இரண்டு ஓட்டை. அதைச் சுற்றி நாலு இளைஞர்கள்.

இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் அண்ணன் மகன் ஒருநாள் வந்து, "சித்தப்பா, ரேஸ் சீட் வாங்கணும், கூட வாங்க" என்று நின்றபோதுதான் விஷயம் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது தெரிந்தது.

அவன் பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. எந்திரம் ஓட்டுகிறான். கடன் போட்டுப் பழைய மாருதி ஸ்விப்ட் ஒன்று வாங்கினான். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போவது அந்தக் காரில்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போவதும் அதில்தான். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை சிநேகிதர்களுடன் இருங்காட்டுக்கோட்டை போய், கட்டணம் கட்டிப் பந்தயப் பாதையில் ஓட்டிவிட்டு வருவதும் அதே காரில்தான்!

கார் ஒன்று, வேலை இரண்டு. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

வயதானவர்களுக்குச் சோழவரம் நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிய காலம் அது. பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைத்தது. 1990-ல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர். கோவை செட்டிபாளையத்தில் இன்னொன்று இருக்கிறது. பந்தயக் கார்களைத் தாமே கட்டி ஓட்டிய கோவைக்காரர் கரிவரதன் பெயரால் அது கரி மோட்டார் ஸ்பீட்வே.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை எட்டாத ஊர் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டிச் சென்னை போகும் வழியிலேயே இருக்கிறது. அதிகாலையில் புறப்பட்டால் காலைச் சிற்றுண்டிக்குப் போய்விடலாம். ஆனால் போன காரிலேயே திரும்பி வரவேண்டும். திங்கட்கிழமை ஷிப்டுக்கு அதே கார் பீனியாவில் நிற்க வேண்டும்.

சாதாரண சீட் போதாதா?

நானும் இதைத்தான் கேட்டேன். பையன் பேண்டைத் தூக்கி இடது முழங்காலைக் காட்டினான். கன்றிப் போயிருந்தது.

வளைவில் வேகமாகத் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். நல்ல டயர் போட்ட சாதாரணக் காரிலேயே, 70 கிலோ எடையுள்ள மனிதரை 50, 60 கிலோ மூட்டை ஒன்று பக்கவாட்டில் அழுத்துவது போன்ற விசை வரும். கம்பெனி சீட் பஸ் பெஞ்சு மாதிரி தட்டையாக இருந்தால் உடம்பு வழுக்கும். விழாமல் இருக்க முழங்காலைக் கதவிலோ நடுப்பெட்டியிலோ முட்டுக் கொடுக்க வேண்டும். கை ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கும்.

ஸ்டியரிங் திருப்புவதற்கு இருக்கிறது, தொங்குவதற்கு இல்லை. தொங்குகிற கைக்குச் சக்கரம் என்ன சொல்கிறது என்று தெரியாது. உடம்பைச் சீட் பிடித்துக்கொண்டால் கைக்கும் காலுக்கும் விடுதலை. ரேஸ் சீட்டின் உண்மையான பயன் இதுதான். அழகு இரண்டாம் பட்சம்.

இரண்டு ஜாதி

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, சாய்வை மாற்றக்கூடியது. பக்க மேடுகள் உயரமாக இருந்தாலும் முதுகைச் சாய்க்கலாம், நிமிர்த்தலாம். இரண்டாவது, ஒரே வார்ப்பாகச் செய்த ஓடு. கண்ணாடி நாரிலோ கார்பன் நாரிலோ செய்து மேலே துணி போர்த்தியிருப்பார்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்திலும் உண்டு. இதில் சாய்வு கிடையாது. கொடுத்த கோணத்தில்தான் உட்கார வேண்டும்.

இந்தத் தொழிலில் ஜெர்மனியின் ரெகாரோ, இத்தாலியின் ஸ்பார்கோ, ஓ.எம்.பி., ஜப்பானின் பிரைட் ஆகியவை பெயர் பெற்றவை. ரெகாரோவின் கதை சுவையானது. 1906-ல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய ராய்ட்டர் என்ற வண்டிக்கூடு கட்டும் பட்டறைதான் அதன் மூலம். போர்ஷே காருக்குக் கூடு கட்டிக் கொடுத்தார்கள். 1963-ல் கூடு கட்டும் வேலையைப் போர்ஷேயிடமே விற்றுவிட்டுச் சீட் செய்வதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்போது பிறந்த பெயர்தான் ரெகாரோ.

பையனுக்கு ஓட்டின் மேல்தான் கண். எடை குறையும் என்றான். உண்மைதான். ஓடு மட்டும் கம்பெனி சீட்டில் பாதி எடைகூட இராது. ஆனால் அதைத் தரையில் நிறுத்தப் பக்கத் தகடு, அடித்தளம், நகரும் தண்டவாளம் எல்லாம் வேண்டும். சேர்த்துப் பார்த்தால் மிச்சம் சில கிலோதான். அதைவிட, ஓட்டுநர் நாலு கிலோ இளைப்பது மலிவு!

ஒன்றைத் தொட்டால் ஒன்பது

ஓட்டுச் சீட்டைப் போட்டதும் அடுத்து என்ன தோன்றும்? முதுகில் இரண்டு ஓட்டை இருக்கிறதே, ரேஸ் பெல்ட் போடலாம் என்று தோன்றும். கடைக்காரரும் நாலு வார் பெல்ட்டை எடுத்து மேஜையில் போடுவார். இங்கேதான் நிதானம் வேண்டும்.

நாலு வார் பெல்ட் இரண்டு தோளையும் சீட்டோடு கட்டிவிடும். மோதலில் தோள் வாரின் இழுப்பு இடுப்பு வாரை வயிற்றுக்கு மேலே தூக்கும். உடம்பு கீழே நழுவும். இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய வார் குடலில் அழுந்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பந்தயக்காரர்கள் தொடைகளுக்கு இடையே வரும் வாரும் சேர்ந்த ஆறு வார் பெல்ட் போடுகிறார்கள்.

ஆறு வார் போட்டால் தீர்ந்ததா? இல்லை. கார் குப்புறப் புரண்டு கூரை அமுங்கினால், சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கமாகச் சாய இடம் உண்டு. ரேஸ் பெல்ட்டில் உடம்பு செங்குத்தாக நிற்கும். கூரையைத் தலைதான் தாங்க வேண்டும். ஆகவே இரும்புக் குழாய்க் கூண்டு வேண்டும். கூண்டு போட்டால், ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டும்போது அந்தக் குழாயே மண்டையில் இடிக்கும்.

இன்னும் ஒன்று. தோளை இறுகக் கட்டினால் மோதலில் தலை மட்டும் முன்னே பாயும். 2001-ல் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலையையும் தோளையும் இணைத்துக் காக்கும் ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்பு பந்தய உலகில் பரவ அந்த மரணம் ஒரு முக்கிய காரணம். பார்முலா ஒன் பந்தயத்தில் 2003 முதல் அது கட்டாயம்.

சீட், பெல்ட், கூண்டு, ஹெல்மெட், கழுத்துக் காப்பு ஐந்தும் ஒரே குடும்பம். ஐந்தும் சேர்ந்தால் பந்தயக் கார். ஒன்றிரண்டை மட்டும் பிரித்தெடுத்துத் தெருக்காரில் வைத்தால் முன்பிருந்ததைவிட ஆபத்து.

அண்ணி ஏறும் காரில் கூண்டு வைக்க முடியுமா? முடியாது. ஆகவே கார் கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டின் தொடை மேடு மிக உயரமாக இருந்தால் பெல்ட் அந்த மேட்டின் மேலேறிப் போகும். இடுப்புக்கும் வாருக்கும் நடுவே கை நுழையும் அளவு சந்து விழும். அப்படிப்பட்ட பெல்ட் இருந்தும் பயனில்லை. கடையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல், காரில் வைத்துப் பெல்ட்டை மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

நாலு போல்ட்டில் இருக்கிறது உயிர்

முதலில் போன கடையில், "சாயங்காலமே மாட்டிக் கொடுத்துடறேன்" என்றார்கள். பழைய தண்டவாளத்தின் மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடிப்பதாம். பையன் அந்தத் தகட்டைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தான். தினமும் இரும்போடு பழகுகிறவன் அல்லவா? "ரெண்டு மில்லிகூட இல்லை சித்தப்பா" என்று மெதுவாகச் சொன்னான்.

அவனுடைய சிநேகிதன் ஒருவன் இப்படித்தான் மாட்டியிருந்தானாம். தரையில் துளை போட்டு, சின்ன வாஷர் வைத்து முடுக்கியிருந்தார்கள். பந்தயப் பாதையில் பலமாகப் பிரேக் அடித்தபோது முன்பக்க போல்ட் ஒன்று தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. சீட் கோணிக்கொண்டது. பாதை அகலமாக இருந்ததால் மணலில் இறங்கித் தப்பினான். இதே சம்பவம் ஓசூர் சாலையில் லாரிக்குப் பின்னால் நடந்திருந்தால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோதலில் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு விசை வந்தால் 70 கிலோ மனிதர் 1,400 கிலோவாகிவிடுவார். பல கார்களில் பெல்ட் மாட்டும் கொக்கி சீட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. அந்தப் பளுவில் ஒரு பங்கு சீட்டின் பிடிப்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும்.

உலக மோட்டார் பந்தயங்களை நடத்தும் எப்.ஐ.ஏ. என்ற சர்வதேச அமைப்பு பந்தயக் கார்களுக்கு இதில் விதி வைத்திருக்கிறது. சீட்டுக்குக் குறைந்தது 4 இடத்தில் பிடிப்பு வேண்டும். போல்ட் 8 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது. தாங்கும் தகடு இரும்பானால் 3 மில்லி, இலேசான உலோகமானால் 5 மில்லி கனம் வேண்டும். தரையில் துளை போட்டால் அடியிலும் தகடு கொடுக்க வேண்டும். தெருக்காரருக்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நமது கார் மாடலுக்கென்றே செய்த அடித்தளம் வாங்கி, கம்பெனி போட்ட துளைகளிலேயே மாட்டுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை சீட்டுக்குள்ளேயே இருக்கும். சீட்டைக் கழற்றினால் அந்தக் காப்பும் போயிற்று. எச்சரிக்கை விளக்கு எரியும். "ஒரு சின்ன சாமான் வைத்து விளக்கை அணைத்துவிடலாம்" என்பார்கள். விளக்கு அணையும், காற்றுப்பை திரும்பி வராது. அப்படிப்பட்ட காரில் சீட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

முத்திரையும் போலியும்

நல்ல ரேஸ் சீட்டில் எப்.ஐ.ஏ. முத்திரை ஒட்டியிருக்கும். 8855-1999 என்பது வெகுகாலமாக வழங்கும் தரம். 8862-2009 அதைவிடக் கடுமையான சோதனை. முத்திரையில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். முதல் ரகத்துக்குப் பந்தயத்தில் 5 வருஷம் ஆயுள். இரண்டாவதற்கு 10 வருஷம். அதன் பிறகு போட்டிகளில் ஏற்க மாட்டார்கள்.

சீட்டைப் போலியாகச் செய்கிறவர்கள் முத்திரையையும் செய்கிறார்கள். விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அங்கீகாரம் பெற்ற சீட்டுகளின் பட்டியலை எப்.ஐ.ஏ. வெளியிடுகிறது. முத்திரையில் உள்ள எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய சீட் வாங்கினால் துணியை விலக்கி ஓட்டைப் பாருங்கள். தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். விபத்தில் அடிபட்ட காரிலிருந்து கழற்றியதாக இருக்கும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஐந்து பேர் என்று எழுதியிருக்கும் காரில் பின் சீட்டைக் கழற்றி வீசுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது.

உட்கார்ந்து பார்

இரண்டாவது கடைக்காரர் பொறுமைசாலி. சேலத்துக்காரராம். தமிழில் பேசியதும் டீ வந்தது. "பர்ஸை எடுத்துட்டு உட்காருப்பா. அரை மணி நேரம் உட்காரு. அப்புறம் பேசலாம்" என்றார்.

ஓட்டுச் சீட்டில் பத்து நிமிஷத்தில் பையன் நெளிய ஆரம்பித்தான். இடுப்பெலும்பில் குத்தியது. மெலிந்தவருக்குச் செய்த சீட்டில் கனத்தவர் உட்கார முடியாது. அகலச் சீட்டில் மெலிந்தவர் ஆடுவார். தலைக்கு இருபுறமும் இறக்கை உள்ள சீட்டில் உட்கார்ந்தபோது பக்கத்தில் நின்ற என்னை அவனுக்குத் தெரியவில்லை. நகரத்துச் சந்துகளில் ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் நுழைகிற ஊரில் அது ஆகாது.

கடைசியில் சாயும் ரகத்தில் ஒன்று பொருந்தியது. காரில் தற்காலிகமாக வைத்துப் பார்த்தார்கள். தோள் சீட்டைவிட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட்டது. கிளட்சை முழுக்க மிதித்தும் முழங்கால் சற்று மடங்கியே இருந்தது. ஹெல்மெட் போட்டுப் பார்த்தான், கூரை இடிக்கவில்லை. பெல்ட் இடுப்பில் படிந்தது.

விலை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அடித்தளத்துக்குத் தனியாக. "அப்ப இடது பக்க சீட்டு அடுத்த போனஸுக்கு" என்றான்.

"இடது பக்கத்தைத் தொடாதே" என்றேன். அண்ணிக்கு மூட்டு வலி. அந்த மேட்டைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து அவர் எப்படி ஏறுவார்? பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

கழற்றிய பழைய சீட்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறான், காரை விற்கும்போது மாட்ட வேண்டும் என்று. போன மாதம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து போன் செய்தான். "முழங்கால்ல ஒரு கீறல் இல்லை சித்தப்பா. டயர்தான் தேஞ்சுபோச்சு" என்றான். டயர் விலையை நான் கேட்கவில்லை.