குன்னூர் குளிரில் ஒரே பானில் சிக்கன் டின்னர்: கறி வேகாதது ஏன், தேன் கருகுவது ஏன்?

மாலை ஆறரை மணி. லேப்டாப்பை மூடியாச்சு. வெளியே பனி இறங்கிவிட்டது. மலைப்பாதையில் டெலிவரி வண்டி வருமா வராதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ஃப்ரிட்ஜில் இருக்கும் அரை கிலோ சிக்கனை எடுத்து அடுப்பில் ஏற்றிவிடலாம் என்று தோன்றும் நேரம் அது.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பார்த்த அந்த 'ஸ்வீட் அண்ட் சேவரி' சிக்கன் நினைவுக்கு வருகிறது. கனமான ஒரு பான், கொஞ்சம் தேன், கொஞ்சம் சோயா சாஸ், பூண்டு, 30 நிமிடம், அவ்வளவுதான் என்கிறது வீடியோ. ஆனால் குன்னூர் வாடகை வீட்டில் அதையே செய்து பார்த்தால் வெளியே கருகல், உள்ளே எலும்போரம் இளஞ்சிவப்பு. "இங்க எதுவுமே சீக்கிரம் வேகாது" என்பது சமவெளியில் இருந்து மலைக்குக் குடிவந்த பலரும் சொல்லும் புலம்பல்தான்.

அந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது. அதற்குக் காரணம் அடுப்போ, சிலிண்டரோ, கறிக்கடைக்காரரோ அல்ல. காரணம் மலையின் உயரம்.

94 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், குன்னூரில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. இன்னும் மேலே, ஊட்டியில் அது 93 டிகிரி அளவுக்கு இறங்கும்.

ஒருமுறை கொதி வந்துவிட்டால், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாகத்தான் போகும். அதாவது குன்னூரில் குழம்பு தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து "நல்லா வெந்துடுச்சு" என்று முடிவு செய்தால் ஏமாற வேண்டியதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1835-ல் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின், உருளைக்கிழங்கு மணிக்கணக்கில் கொதித்தும் வேகாமல் கிடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். உடன் வந்தவர்கள், புதிதாக வாங்கிய பானைதான் கிழங்கை வேகவைக்க மறுக்கிறது என்று பழியைப் பானை மேல் போட்டார்களாம்.

குக்கர் இருந்தால் பிரச்சினை இல்லையே என்று கேட்கலாம். பெரும்பாலும் இல்லை. ஆனால் குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைக் கூட்டுகிறது. வெளியே அழுத்தம் குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் வெப்பம் சில டிகிரி குறையும். மலைவாசிகள் ஒரு விசில் கூடுதலாக விடுவது வெறும் பழக்கம் இல்லை, அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

பான் எப்படிக் கைகொடுக்கிறது?

ஸ்கில்லெட் என்று ஆங்கிலச் சமையல் வீடியோக்களில் சொல்வது, அடி தட்டையாகவும் கனமாகவும், ஓரம் கொஞ்சம் உயரமாகவும் இருக்கும் பான். வீட்டில் அடிகனமான வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் அதுவே போதும். சரியாகப் பொருந்தும் மூடி மட்டும் அவசியம்.

தண்ணீருக்குத்தான் மலையில் இந்தத் தடை. எண்ணெய்க்கு இல்லை. சூடான பானில் எண்ணெய் 180 டிகிரியைத் தாண்டுவது சென்னையிலும் குன்னூரிலும் ஒன்றுதான். கறியின் மேல் பொன்னிறம், வறுத்த வாசனை, நாக்கில் ஊறும் அந்தச் சுவை எல்லாம் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உருவாகும். கறியின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து செய்யும் இந்த வேலையை 1912-ல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார். அதனால் இதற்கு 'மயார் வினை' என்றே பெயர்.

ஆக, ஒரே பானில் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் எண்ணெயில் நிறமும் மணமும் வருகின்றன. பிறகு மூடி போட்டு, கொஞ்சம் தண்ணீரில் உள்வரை வேகிறது. முதல் வேலையில் குன்னூருக்கும் சமவெளிக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டாவதில்தான் நேரம் கூடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஈரச் சூட்டில் வேகும் இறைச்சிக்குக் கால் பங்கு நேரம் வரை கூடுதலாகத் தேவைப்படலாம் என்பது அமெரிக்க வேளாண் துறை தரும் கணக்கு. ரீல்ஸில் 20 நிமிடம் என்றால் குன்னூரில் 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எலும்பில்லாத சின்னத் துண்டுகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எலும்போடு இருக்கும் தொடைக்கறியில்தான் வம்பு.

இனிப்பும் காரமும் நமக்குப் புதுசா?

கோழியில் இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் குன்னூருக்கு இந்தச் சுவை அந்நியம் இல்லை.

ஊரின் மிகப் பிரபலமான குடியிருப்பாளராக இருந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா ஒரு பார்சி. ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். பார்சி சமையலின் பெருமைகளில் ஒன்று, உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தோடு இனிப்பும் புளிப்புமாகச் சமைத்து, மேலே மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல் தூவிப் பரிமாறும் ஜர்தாலு சல்லி வகை. மட்டனிலும் செய்வார்கள், கோழியிலும் செய்வார்கள்.

இன்னொரு தொடர்பு இலங்கை. 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் உருவாயின. அவற்றை நடத்தும் டான்டீ நிறுவனத்தின் தலைமையகம் குன்னூரில்தான் இருக்கிறது. இலங்கை ஓட்டல்களில் இன்றும் அதிகம் விற்கும் உணவுகளில் ஒன்று 'டெவில்ட் சிக்கன்'. வெங்காயம், குடமிளகாய், தக்காளி சாஸ், மிளகாய், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துச் சூடான சட்டியில் பிரட்டி எடுக்கும் இனிப்பு–காரக் கோழி அது.

வத்தக்குழம்பில் கடைசியாகப் போடும் துளி வெல்லமும் இதே கணக்குதான். இனிப்பு தனியாகத் தெரியாது, உப்பையும் புளிப்பையும் தூக்கிக்கொடுக்கும்.

தேவையான பொருட்கள் (2 – 3 பேருக்கு)

எலும்போடு தொடைக்கறி – 500 கிராம். இஞ்சி பூண்டு விழுது – 1 டீஸ்பூன். உப்பு – முக்கால் டீஸ்பூன். இடித்த மிளகு – 1 டீஸ்பூன். எண்ணெய் – 1½ டேபிள்ஸ்பூன். சின்ன வெங்காயம் – 10. மலைப்பூண்டு – 6 பல். காய்ந்த மிளகாய் – 2. ஊட்டிப் பேரிக்காய் – 1 (தடிமனான துண்டுகளாக). தேன் – 2 டேபிள்ஸ்பூன். சோயா சாஸ் – 1½ டேபிள்ஸ்பூன். எலுமிச்சைச் சாறு – 1 டேபிள்ஸ்பூன். தண்ணீர் – அரை கப்.

பழம் எதற்கு? குன்னூரில் சும்மா கிடைக்கும் சுவை அது. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்திலேயே 1920 முதல் அரசுப் பழவியல் நிலையம் இயங்குகிறது. மே மாதம் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கிறது. கோடையில் பிளம்ஸ், அதன் பிறகு பேரிக்காய் என மார்க்கெட்டில் மாறி மாறி வரும். கெட்டியான நாட்டுப் பேரிக்காய் வெந்தாலும் கரையாது. பிளம்ஸ் போட்டால் புளிப்பு அதிகம், எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாவிட்டால் கேரட் துண்டுகள் போதும்.

தேனுக்கும் தூரம் போக வேண்டாம். குறும்பர், இருளர் போன்ற பழங்குடியினர் பாறைகளில் இருந்து எடுக்கும் மலைத்தேன் நீலகிரியின் அடையாளங்களில் ஒன்று. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை 1990-கள் முதல் அவர்களோடு இணைந்து வேலை செய்கிறது.

செய்முறை

1. சிக்கனை ஃப்ரிட்ஜிலிருந்து சமைப்பதற்கு 20 நிமிடம் முன்பு எடுத்து வைக்கவும். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கறி, வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். குளிர்தானே என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடவும் கூடாது.

2. டிஷ்யூ அல்லது சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவும். ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 94 டிகிரியைத் தாண்டாது, நிறமும் வராது. பிறகு உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு விழுதைத் தடவவும். விழுது மெல்லிசாக இருக்கட்டும். அப்பிக்கொண்டால் அதுதான் முதலில் கருகும்.

3. பானை நன்றாகச் சூடாக்கி எண்ணெய் ஊற்றி, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கவும். நாலு நிமிடம் தொடவே வேண்டாம். நிறம் வந்ததும் கறி தானாகவே பானை விட்டு வரும். திருப்பிப் போட்டு இன்னொரு நாலு நிமிடம். எடுத்துத் தனியே வைக்கவும்.

4. அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகாய், பழத்துண்டுகளை மூன்று நிமிடம் வதக்கவும். தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கரண்டியால் சுரண்டிவிடவும். சாஸின் பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

5. சிக்கனைத் திரும்பப் போட்டு மூடி, சிம்மில் 25 நிமிடம். சமவெளியில் 20 போதும். பாதியில் ஒருமுறை திருப்பிவிடவும். மலையில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், வற்றிவிட்டால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் சேர்க்கவும்.

6. மூடியை எடுத்து, தேன், சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு மூன்றையும் கலந்து ஊற்றவும். தீயைக் கூட்டி மூன்று நிமிடம் பிரட்டவும். சாஸ் கறியில் பளபளவென்று ஒட்டியதும் அடுப்பை அணைக்கவும்.

தேன் ஏன் கடைசியில்?

பெரும்பாலான வீட்டுச் சமையலில் இந்த டிஷ் சொதப்புவது இங்கேதான். தேனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சர்க்கரை, அதிலும் ஃப்ரக்டோஸ்தான் அதிகம். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரியில் நிறம் மாறும் என்றால், ஃப்ரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். மசாலாவோடு தேனையும் முதலிலேயே தடவி 180 டிகிரி எண்ணெயில் போட்டால், நாலு நிமிடத்தில் கறுத்துக் கசந்துவிடும். அதைப் பார்த்து "வெந்துடுச்சு" என்று பயந்து இறக்கினால் உள்ளே பச்சை.

எலுமிச்சையும் கடைசியில் சேர்க்கக் காரணம் இருக்கிறது. இரும்புச் சட்டியில் புளிப்பு நீண்ட நேரம் கொதித்தால் இரும்பு வாடை ஏறும்.

வெந்ததா, எப்படித் தெரியும்?

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. கோழிக்கறியின் மிகத் தடிமனான பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற நோய்க்கிருமிகள் அழியும். இறைச்சித் தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் குத்திப் பார்க்கலாம். இல்லையென்றால், எலும்போரம் கத்தியால் கீறிப் பார்க்கவும். சாறு தெளிவாக வர வேண்டும், கறி எலும்பை விட்டுச் சுலபமாக விலக வேண்டும். சந்தேகம் இருந்தால் மூடி போட்டு இன்னும் ஐந்து நிமிடம். தொடைக்கறி அதனால் கெட்டுப்போகாது, இன்னும் மிருதுவாகும்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் கிருமிகள் தெறித்து சிங்க் முழுக்கப் பரவும். கழுவியே தீர வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசி, பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பது நல்லது. இன்னொன்று: வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் இந்த சாஸை விரலில் தொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் சமையல் சூட்டிலும் அழியாது.

சாப்பிட்ட பிறகு ஒரு வேலை

சூடான சாதம், சப்பாத்தி, இல்லையென்றால் பேக்கரி பிரெட். எதோடும் இது போகும். ஆனால் குன்னூரில் டின்னர் தட்டைக் கழுவியதோடு முடிவதில்லை.

குன்னூர், கோத்தகிரி குடியிருப்புகளுக்குள் கரடியும் சிறுத்தையும் வருவது அடிக்கடி செய்தியாகிறது. கரடியை வீட்டுப்பக்கம் இழுப்பது பெரும்பாலும் சமையலறை வாசனையும் குப்பையும்தான். தேன், எண்ணெய், கோழி எலும்பு மூன்றும் சேர்ந்த குப்பையை ராத்திரி வாசலில் வைப்பது அதற்குப் பந்தி விரிப்பது மாதிரி. ஒருமுறை ருசி கண்ட விலங்கு அதே தெருவுக்குத் திரும்ப வரும். அப்போது ஆபத்து விடிகாலையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து போகும் தொழிலாளிக்குத்தான், கடைசியில் கூண்டு அந்த விலங்குக்குத்தான்.

எனவே எலும்பையும் கழிவையும் இறுக்கமான டப்பாவில் போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்து, காலையில் தூய்மைப் பணியாளர் வரும்போது கையில் கொடுக்கவும். கறி வாங்கப் போகும்போதே ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோனால், பிளாஸ்டிக் தடை இருக்கும் மாவட்டத்தில் அந்தக் கவலையும் தீர்ந்தது.

மொத்தம் 50 நிமிடம். அதில் பாதி நேரம் மூடி போட்ட பான் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மலைக்குக் கொடுத்துவிட வேண்டும்.