மூச்சும் அசைவும்

உடற்பயிற்சி என்றவுடன் பலர் தசையையே எண்ணுவர், மூச்சை மறந்துவிடுவர். மூச்சையே முதன்மையாகக் கொண்டு பயிற்றியவர், 1888ஆம் ஆண்டிற் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933இல் அவர் யோகசாலை ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில், ரீகா நகரிற் பிறந்த பெண்மணி ஒருவர் யோகம் கற்க விரும்பி அவரை நாடினார். பெண், அதிலும் அயல்நாட்டவர் என்று ஆசிரியர் முதலில் மறுத்தார். மன்னர் பரிந்துரைக்கவே இசைந்தார். இந்திரா தேவி என்னும் அம்மாணவியே பின்னர் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார்!

1950களில் ஆசிரியர் சென்னையிற் குடியேறினார். கைகளை உயர்த்துங்கால் மூச்சை உள்ளிழுத்தல் வேண்டும். முன் குனியுங்கால் வெளிவிடுதல் வேண்டும். மூச்சு தடுமாறுமாயின் பயிற்சி அளவு கடந்தது என்று அறியலாம். இளைஞனுக்கு ஏற்ற ஆசனம் முதியவருக்கு ஏலாது. முழங்கால் நோவுடையார்க்கு வேறு முறை வேண்டும். ஆதலின், பயிற்சிக்காக மனிதனை வளைத்தலாகாது, மனிதனுக்கேற்பப் பயிற்சியையே மாற்றுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்காலத்தே நியூயார்க்கில் ஜோசப் பிலாட்டீஸ் என்னும் ஜெர்மானியரும், மூச்சையும் மனத்தின் ஆட்சியையும் தம் பயிற்சிக்கு அடிப்படையாக வைத்தார். ஆயினும் அவர் வில்சுருள் பூட்டிய கருவிகளையும் துணைக்கொண்டார்; சென்னை ஆசிரியருக்கோ ஒரு விரிப்பே போதியதாயிற்று.

பொறியியல் கற்ற மகன் தேசிகாச்சார், தந்தையின் பெயரால் 1976இல் சென்னையில் யோக மந்திரம் நிறுவினார். நூறு வயது நிறைந்தபின், 1989இல் ஆசிரியர் மறைந்தார்.