எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

தஞ்சைத் தரணியிலே மாசித் திங்களில் காமன் பண்டிகை. நெற்றிக்கண் திறந்ததாம், மன்மதன் சாம்பலானானாம்! 'எரிந்தான்' என்று பாட ஒரு கட்சி, 'எரியவில்லை' என்று பாட எதிர்க்கட்சி. கையிலே டேப்பு, பக்கத்திலே துந்துனா. ஒருவர் பாட்டாலே கேள்வி தொடுப்பார். மற்றவர் பாட்டாலேயே விடை பகர வேண்டும். விக்கினால் தோல்வி! விடிய விடிய நடக்கும் இந்த வழக்காடலுக்கு லாவணி என்று பெயர். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்திலே வந்து, தமிழ் கற்று, தமிழாகவே ஆகிவிட்ட கலை.

புராணக் குப்பை நமக்கெதற்கு என்பீர்கள். இல்லாதவன் எரிந்தாலென்ன, எரியாவிட்டாலென்ன! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடவுளின் காரியத்தையே நடுத்தெருவில் நிறுத்தி, 'நடந்ததா? மெய்ப்பி!' என்று கேட்கிறானே பாமரன், அந்தத் துணிச்சல் நம்முடையதல்லவா?

கடல் கடந்து செல்வோம். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இதே கலை உண்டு. கையிலே கிடார், அவ்வளவுதான் வேறுபாடு. அங்கே பாடுவோனுக்குப் பயாதோர் என்று பெயர். ஏட்டிலே எழுதிவைத்து ஒப்பிப்பதில்லை, நின்ற இடத்திலே புனைவான். எதிராளி கேட்க, இவன் மறுமொழி கட்டுவான். மாடு மேய்க்கும் கௌச்சோக்களின் கலை அது. ஹோசே எர்னாந்தெஸ் 1872-இல் எழுதிய 'மார்த்தின் பியெரோ' காவியத்தின் 1879-ஆம் ஆண்டுப் பாகத்தில், கறுப்பின இளைஞனோடு நாயகன் நடத்தும் பாட்டுப்போர் புகழ்பெற்றது.

காவியத்தை விடுங்கள், மெய்யான மனிதனைச் சொல்கிறேன். கபினோ எசெய்சா, 1858-இல் போனஸ் அயர்ஸில் பிறந்த கறுப்பினக் கவிஞர். 1884-ஆம் ஆண்டு உருகுவேயில் ஹுவான் தெ நாவாவை அவர் பாட்டால் வென்ற ஜூலை 23, இன்று அர்ஜென்டினாவில் பயாதோர் நாள்! கிடாரும் கையுமாக ராடிக்கல் கட்சிக்குப் பாடினார். அக்கட்சியின் இரிகோயன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற 1916 அக்டோபர் 12, அந்த நாளிலேயே கண்மூடினார். கட்சிக்காரனுக்குக் கண் கலங்காதா!

இங்கே நம் மேடைகளைப் பாருங்கள். பேச்சாளர் வரும்வரை ஒலிபெருக்கியிலே திரைப்பாட்டு. தோழன் வாய்மூடிக் காத்திருக்கிறான். பெட்டியையும் சட்டியையும் தட்டிக் கானா பாடும் சென்னையா பாட்டுக்குப் பஞ்சம்? 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்திலே சாதிக்கு எதிராக அதே கானா மேடையேறியபோது கூட்டம் அலைமோதவில்லையா?

ஆகவே ஒரு யோசனை. வரும் மே நாளில், 1964-இல் எழுந்த நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வாசலிலே லாவணி வைப்போம். ஆவடியும் பூந்தமல்லியும் வந்து சேரட்டும். மெட்டைத் தஞ்சை முதியவர்கள் தரட்டும், கேள்வி நம்முடையது: ஒரே எந்திரம், ஒரே வேலை, நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கூலி, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு கூலி, ஏன்? முதலாளி கட்சிக்குப் பாட எவரும் முன்வரமாட்டார்கள். சீட்டுக் குலுக்கித்தான் ஆள் பிடிக்க வேண்டும்!