தேனீ தந்த உமர் தம்பி

இணையப் பக்கங்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் தெரிந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் குறையைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர்களில் முன்வரிசையில் வைக்கவேண்டிய பெயர் உமர் தம்பி. 1953 ஜூன் 15 அன்று அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் தாண்டி வரும் தஞ்சை மாவட்டத்து ஊர் அது. கல்லூரியில் படித்தது விலங்கியல். சோறு போட்டது மின்னணுவியல். வானொலிப் பெட்டி பழுதுபார்க்கத் தொடங்கி, துபாய்க்குப் போய்க் கணினித் துறையில் நிலைத்தார். தமிழ்க் கணிமைக்கு அவர் செய்த வேலையெல்லாம் பிழைப்புக்கான வேலை முடிந்த பிறகு செய்தது.

அன்றைய சிக்கல் இதுதான். 1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு குறியேற்றத்தை, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையை, பயன்படுத்தியது. தஸ்கி, டாம், டாப் என்று பல இருந்தன. போதாக்குறைக்கு ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு தளத்துக்காக நிறுவிய எழுத்துரு அடுத்த தளத்தில் உதவாது. எல்லோருக்கும் பொதுவான யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழ் யூனிகோடு எழுத்துரு விண்டோஸ் 2000, எக்ஸ்பி போன்ற பதிப்புகளில்தான் கூடவே வந்தது. வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஓடிக்கொண்டிருந்ததோ விண்டோஸ் 98. அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர், கடைக்காரரின் கணினியில் எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டிருக்க முடியுமா?

இந்த இடத்தில்தான் உமர் தம்பியின் ‘தேனீ’ வந்தது. அது இயங்கு எழுத்துரு. படிப்பவர் எதையும் நிறுவவேண்டியதில்லை. தளத்தை நடத்துபவர் எழுத்துருக் கோப்பைத் தன் தளத்தில் வைத்து, பக்கத்தின் நிரலில் ஓரிரு வரி சேர்த்தால் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவையும் எடுத்துக்கொள்ளும். மற்ற உலாவிகளில் இது வேலை செய்யாது என்பது குறைதான். ஆனால் அன்றைக்குப் பெரும்பாலோர் கையில் இருந்தது அந்த உலாவிதான். பாரத்தைப் படிப்பவர் தலையிலிருந்து இறக்கித் தளத்துக்காரர் பக்கம் மாற்றியதுதான் தேனீயின் சிறப்பு. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அவர் திறந்துவிட்டார்.

எழுத்துருவோடு அவர் நிற்கவில்லை. ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி தட்டினால் தமிழாக விழும் எழுதுகருவியும், பழைய குறியேற்றங்களில் கிடந்த எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகளும் அவர் செய்தவை. யூனிகோடு என்றால் என்ன என்பதைச் சாதாரண வாசகருக்கு விளங்கும்படி தமிழில் தொடராகவும் எழுதினார். கருவி செய்கிறவர் அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரவும் உட்காருவது எந்த மொழியிலும் அபூர்வம்.

2006 ஜூலை 12 அன்று உமர் தம்பி காலமானார். நான்கு ஆண்டு கழித்து, கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

அவர் செய்ததைப் போலக் காசு வாங்காமல் செய்த வேலை புதுக்கோட்டையிலும் நடந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பெண்களை எழுத்தறிவுக்கு அழைத்துவந்த 1991ஆம் ஆண்டின் அறிவொளி இயக்கத்தைத் தொண்டர்களை வைத்தே நடத்திக்காட்டிய மாவட்டம் இது. கவிஞர் நா. முத்துநிலவன் உள்ளிட்ட ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் கூடிய கணினித் தமிழ்ச் சங்கம், 2015 அக்டோபர் 11 அன்று இணையத்தில் எழுதும் தமிழர்களைப் பல ஊர்களிலிருந்தும் புதுக்கோட்டைக்கு வரவழைத்து விழா எடுத்தது.

திரையில் தமிழ் எழுத்து தெரியாத சிக்கல் இன்று இல்லை. ஆனால் இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் வருடிப் போட்ட பழைய நூல்களின் பக்கங்கள் ஏராளமாக மெய்ப்புப் பார்க்க ஆளின்றிக் கிடக்கின்றன. அதற்கு நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்து, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்த எவரும் இன்றே அங்கே ஒரு கணக்குத் தொடங்கலாம்.